கம்பெனி கட்டும் பிரீமியம் யாருடைய பணம்?

அமெரிக்காவில் வேலைக்குச் சேரப்போகும் ஒருவர் கேட்டிருக்கிறார்: “ஆஃபர் லெட்டரில் குடும்பத்துக்கே மருத்துவக் காப்பீடு உண்டு என்று போட்டிருக்கிறார்கள். பிரீமியத்தில் முக்கால் பங்கைக் கம்பெனியே கட்டிவிடுகிறது. அப்படியிருக்க, ஒபாமாகேர் என்ற மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தால் தொழிலாளிக்குச் செலவு கூடிவிட்டது, இல்லை குறைந்துவிட்டது என்று 15 வருஷமாக அங்கே ஏன் இவ்வளவு சண்டை? தொழிலாளிக்கு இதில் என்னதான் செலவு?”

அந்த முக்கால் பங்கும் உங்கள் பணம்தான். இது புரிந்துவிட்டால் சண்டையில் பாதி விளங்கிவிடும். மீதிப் பாதி அரசியல்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். கேஎஃப்எஃப் என்ற சுகாதார ஆய்வு அமைப்பு ஆண்டுதோறும் கம்பெனிகளிடம் விசாரித்துக் கணக்கெடுக்கிறது. 2024இல் குடும்பக் காப்பீட்டுக்குச் சராசரி ஆண்டுப் பிரீமியம் 25,572 டாலர். இதில் 6,296 டாலரை ஊழியரின் சம்பளத்தில் பிடித்தார்கள். மீதி 19,276 டாலரைக் கம்பெனி கட்டியது. 1999இல் இந்தப் பிரீமியம் மொத்தமே 5,791 டாலர்தான். ஒபாமாகேர் சட்டமான 2010இல் 13,770 டாலர். இத்தனையும் கட்டிய பிறகு, டாக்டரிடம் போனால் டிடக்டிபிள் என்று ஒரு தொகையை முதலில் நீங்கள் கையிலிருந்து செலவழிக்க வேண்டும், அதன் பிறகுதான் காப்பீடு வேலை செய்யத் தொடங்கும். தனிநபர் காப்பீட்டில் டிடக்டிபிள் உள்ளவர்களுக்கு 2024இல் அது சராசரியாக 1,787 டாலர்.

ஒரு ஆளை வேலைக்கு எடுக்கும்போது கம்பெனி பார்ப்பது சம்பளத்தை மட்டும் அல்ல. அந்த ஆளுக்காக மொத்தம் எவ்வளவு வெளியே போகிறது என்பதுதான் கணக்கு. 80,000 டாலர் சம்பளமும் 20,000 டாலர் காப்பீடும் கம்பெனிக்கு ஒரு லட்சம் டாலர் ஆள். காப்பீடு 22,000 ஆனால், அந்த 2,000 அடுத்த வருஷ இன்கிரிமென்டில் கழியும். யாரும் உங்களைக் கூப்பிட்டு இதைச் சொல்ல மாட்டார்கள். “இந்த வருஷம் பட்ஜெட் கொஞ்சம் டைட்” என்பார்கள், அவ்வளவுதான்.

இது வெறும் ஊகம் அல்ல. எம்ஐடி பொருளாதார அறிஞர் ஜொனாதன் குரூபர் 1994இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இத்துறையில் பிரபலம். 1970களின் நடுவில் நியூயார்க், நியூ ஜெர்சி, இல்லினாய் மாநிலங்கள், காப்பீட்டில் பிரசவச் செலவையும் மற்ற நோய்களைப் போலவே சேர்த்தாக வேண்டும் என்று சட்டம் போட்டன. 1978இல் மத்திய அரசும் அதையே செய்தது. கூடுதல் செலவை யார் ஏற்றார்கள் என்று அவர் தேடிப் பார்த்தார். பிள்ளை பெறும் வயதில் இருந்த திருமணமான பெண்களைப் போல, அந்தச் சலுகையால் பயன்பெறக்கூடியவர்களின் சம்பளம் ஏறக்குறைய அந்தச் செலவின் அளவுக்கு மற்றவர்களைவிடப் பின்தங்கியிருந்தது. இந்த மனிதரின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேறு ஒரு சங்கடத்தில் வருவார்.

சரி, காப்பீட்டை வேலையோடு கட்டிப்போட்டது யார்? போர்தான். 1942இல் விலைவாசியைப் பிடித்து நிறுத்த அமெரிக்க அரசு சம்பள உயர்வுக்குத் தடை போட்டது. ஆனால் மருத்துவக் காப்பீடு போன்ற சலுகைகள் அந்தத் தடைக்குள் வரவில்லை. ஆண்கள் பட்டாளத்துக்குப் போய்விட, ஆள் கிடைக்காமல் திண்டாடிய தொழிற்சாலைகள் சம்பளத்துக்குப் பதிலாகக் காப்பீட்டைக் காட்டி ஆட்களை இழுத்தன. கம்பெனி கட்டும் பிரீமியத்துக்கு ஊழியர் வருமான வரி கட்ட வேண்டியதில்லை என்பது 1954 வரிச் சட்டத்தில் உறுதியானது. யாரும் உட்கார்ந்து யோசித்து வகுத்த திட்டம் அல்ல. போர்க்காலத்தில் கிடைத்த ஓட்டை வழியாக நுழைந்த பழக்கம், இன்று 65 வயதுக்குட்பட்ட சுமார் 15 கோடிப் பேரின் காப்பீடு.

இதில் உள்ள அநியாயம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஊர்த் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடுவார்களே, மிராசுதாரும் கூலிக்காரரும் குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஒரே தொகை கொடுப்பார்கள். அமெரிக்கக் கம்பெனிக் காப்பீடு அப்படி ஒரு தலைக்கட்டு வரி. ஆண்டுக்கு 40,000 டாலர் வாங்கும் கிடங்குத் தொழிலாளிக்கும் 2 லட்சம் டாலர் வாங்கும் மேலாளருக்கும் குடும்பக் காப்பீட்டின் விலை ஒன்றே. மேலே சொன்ன 25,572 டாலர் முன்னவரின் சம்பளத்தோடு ஒப்பிட்டால் 64 சதவீதம், பின்னவருக்கு 13 சதவீதம்கூட இல்லை. வரிச்சலுகையோ தலைகீழ். கம்பெனி கட்டும் 19,276 டாலருக்கு வரி இல்லாததால், 10 சதவீத வருமான வரி அடுக்கில் இருப்பவருக்கு மிச்சம் சுமார் 1,900 டாலர். 32 சதவீத அடுக்கில் இருப்பவருக்குச் சுமார் 6,200. நம் ஊர் இஎஸ்ஐயில் தொழிலாளியிடம் சம்பளத்தில் 0.75 சதவீதமும் முதலாளியிடம் 3.25 சதவீதமும் பிடிக்கிறார்கள். அந்த ஆஸ்பத்திரிகளின் நிலை வேறு கதை, ஆனால் சம்பளம் குறைந்தால் கட்டுவதும் குறையும் என்ற அடிப்படையாவது அங்கே இருக்கிறது.

குறைந்த சம்பள ஆளுக்கு இத்தனை பெரிய தலைக்கட்டு வரி விழுந்தால் கம்பெனி என்ன செய்யும்? குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே சம்பளத்தைக் குறைக்க முடியாது. அதனால் அந்த வேலையையே வெளியே தள்ளும். துப்புரவு, காவல், கேன்டீன் எல்லாம் கான்ட்ராக்ட் ஆனதற்கு மருத்துவச் செலவு ஒரு முக்கியக் காரணம் என்று ஆன் கேஸ், ஆங்கஸ் டீட்டன் என்ற பொருளாதார அறிஞர்கள் தொடர்ந்து வாதிடுகிறார்கள். கான்ட்ராக்டரிடம் போன ஆளுக்குப் பெரும்பாலும் காப்பீடும் போய்விடும்.

2010 மார்ச் 23 அன்று ஒபாமா கையெழுத்திட்ட சட்டம் இந்தக் கட்டடத்தை இடிக்கவில்லை. பக்கத்தில் இன்னொன்றைக் கட்டியது. வறுமைக்கோட்டு வருமானத்தில் 138 சதவீதம் வரை உள்ளவர்களுக்கு மெடிகெய்ட் என்ற அரசுக் காப்பீடு. அதற்கு மேலே, கம்பெனிக் காப்பீடு கிடைக்காதவர்களுக்கு வருமானத்தைப் பார்த்து மானியம். ஏற்கெனவே நோய் இருக்கிறது என்று காப்பீட்டை மறுக்கக் கூடாது. 26 வயது வரை பிள்ளைகளைப் பெற்றோரின் காப்பீட்டில் வைத்துக்கொள்ளலாம். இதற்கான பணத்தில் ஒரு பகுதி, 2 லட்சம் டாலருக்கு மேல் சம்பாதிக்கும் தனிநபர்கள் மீதும் இரண்டரை லட்சத்துக்கு மேல் சம்பாதிக்கும் தம்பதிகள் மீதும் போட்ட கூடுதல் வரி. ஏழைத் தொழிலாளிக்கு மொத்தத்தில் இது லாபம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சண்டை வந்தது நடுவில் இருந்தவர்களிடமிருந்து, அதாவது ஏற்கெனவே கம்பெனிக் காப்பீடு வைத்திருந்த தொழிலாளர்களிடமிருந்து.

முதல் சிக்கல் 30 மணி நேரக் கணக்கு. 50 பேரோ அதற்கு மேலோ வைத்திருக்கும் கம்பெனி, வாரம் 30 மணி நேரம் வேலை செய்பவருக்குக் காப்பீடு தர வேண்டும், இல்லையென்றால் தண்டம். உடனே சில உணவகங்களும் கடைகளும், பகுதிநேர ஆசிரியர்களை வைத்திருந்த கல்லூரிகளும் ஆளுக்கு 29 மணி நேரம் என்று அட்டவணை போடத் தொடங்கின. 2013 ஜூலையில் லாரி ஓட்டுநர், உணவுக்கடை, ஹோட்டல் தொழிலாளர் சங்கங்களின் மூன்று தலைவர்கள் (லாரி ஓட்டுநர் சங்கமான டீம்ஸ்டர்ஸின் தலைவர் ஜேம்ஸ் ஹோஃபாவும் அவர்களில் ஒருவர்) ஜனநாயகக் கட்சித் தலைவர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். வாரம் 40 மணி நேர வேலை என்ற அடித்தளத்தையே இது உடைத்துவிடும் என்று அதில் இருந்தது. சட்டத்தை ஆதரித்து ஓட்டுக் கேட்ட சங்கங்கள்தான் இவை. முதலாளிகள் மீதான இந்தக் கட்டாயத்தை அரசு அதே மாதம் 2015க்குத் தள்ளிப்போட்டது.

ஹவாய் மாநிலத்தில் 1974 முதலே இப்படி ஒரு கட்டாயம் உண்டு, அங்கே வாசல் 20 மணி நேரம். அங்கேயும் 20க்குக் கீழே வேலை தரும் பழக்கம் கொஞ்சம் கூடியது. ஆனால் ஹவாய் சட்டத்தில், ஊழியரிடம் தனிநபர் காப்பீட்டுக்காக அவர் சம்பளத்தில் ஒன்றரை சதவீதத்துக்கு மேல் பிடிக்கக் கூடாது. ஒபாமாகேரில் அந்த உச்சவரம்பு 9.5 சதவீதத்தில் தொடங்கியது. அதோடு ஒரு விபரீதமும் சேர்ந்துகொண்டது. கம்பெனிக் காப்பீடு ‘கட்டுப்படியாகும்’ என்பதை ஊழியர் ஒருவருக்கான பிரீமியத்தை மட்டும் வைத்து முடிவு செய்தார்கள். மனைவி மக்களைச் சேர்த்தால் சம்பளத்தில் கால்வாசி போனாலும் சரி, காகிதத்தில் அது கட்டுப்படியாகும் காப்பீடு. அதனால் குடும்பத்துக்கும் அரசு மானியம் கிடையாது. இந்த ஓட்டையை அடைக்க 2022 வரை ஆனது. லட்சக்கணக்கான குடும்பங்களைப் பாதித்த இதைப் பற்றித் தொலைக்காட்சியில் யாரும் கத்தியதாக எனக்கு நினைவில்லை. புரியவைக்கவே பத்து நிமிஷம் ஆகும் விஷயத்துக்கு யார் கத்துவார்கள்?

கத்தியது வேறொன்றுக்கு. 2014 பிப்ரவரியில் நாடாளுமன்ற பட்ஜெட் அலுவலகம், இந்தச் சட்டத்தால் 2024 வாக்கில் சுமார் 25 லட்சம் முழுநேர வேலைகளுக்குச் சமமான உழைப்பு குறையும் என்று மதிப்பிட்டது. ‘25 லட்சம் வேலை காலி’ என்று தலைப்புகள் பறந்தன. அறிக்கை சொன்னதோ பெரும்பாலும், மக்கள் தாங்களாகவே வேலையைக் குறைத்துக்கொள்வார்கள் என்பது. இதயநோய் இருக்கும் 61 வயதுக்காரர் காப்பீட்டுக்காகவே வேலையில் ஒட்டிக்கொண்டிருந்தார். இப்போது வெளியே காப்பீடு கிடைக்கிறது, அவர் ஓய்வு பெறலாம். இது தொழிலாளிக்கு நஷ்டமா, விடுதலையா? மானியம் வருமானத்தோடு குறைவதால் சிலர் கூடுதலாக உழைக்கத் தயங்குவார்கள் என்பதும் உண்மைதான், அதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வேலைச்சந்தை நொறுங்கும் என்ற ஆரூடம் பலிக்கவில்லை. சட்டம் வந்தபோது 9.9 சதவீதமாக இருந்த வேலையின்மை 2015 இறுதியில் 5 சதவீதத்துக்கு வந்திருந்தது.

இரண்டாவது சிக்கல் ‘கேடிலாக் வரி’. தனிநபருக்கு 10,200 டாலர், குடும்பத்துக்கு 27,500 டாலர் என்ற எல்லையைத் தாண்டும் காப்பீட்டில், தாண்டிய பகுதிக்கு 40 சதவீத வரி. நான் மேலே சொன்ன வரிச்சலுகை அநியாயத்தைச் சரிசெய்ய வந்த ஒரே ஏற்பாடு இதுதான். வரிக்குப் பயந்து கம்பெனிகள் காப்பீட்டைச் சுருக்கும், மிச்சத்தைச் சம்பளமாகக் கொடுக்கும் என்பது பொருளாதார நிபுணர்களின் எதிர்பார்ப்பு. சங்கங்கள் கொதித்தன. “இந்தக் காப்பீட்டுக்காகத்தான் எத்தனையோ ஒப்பந்தங்களில் சம்பள உயர்வை விட்டுக்கொடுத்தோம். சுருக்கிவிட்டு, அந்தப் பணத்தைத் திரும்பத் தருவான் என்று எதை நம்பிச் சொல்கிறீர்கள்?” என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்வி. சம்பளத்திலிருந்து பணம் காப்பீட்டுக்குப் போவதில் காட்டும் வேகத்தைத் திரும்பி வருவதில் காட்டும் கம்பெனி அபூர்வம்.

இதில் ஒரு வேடிக்கை. 2008 தேர்தலில் கம்பெனிக் காப்பீட்டை வருமானமாகக் கருதி வரி போட்டுவிட்டு, குடும்பத்துக்கு 5,000 டாலர் வரிக்கழிவு தரலாம் என்று நேரடியாகச் சொன்னவர் ஒபாமாவை எதிர்த்து நின்ற குடியரசுக் கட்சி வேட்பாளர் ஜான் மெக்கெய்ன். உங்கள் காப்பீட்டுக்கு வரி போடப்போகிறார் என்று அவரை விளம்பரத்தில் வெளுத்து வாங்கியவர் ஒபாமா. இரண்டே வருஷத்தில் அவரே அதன் இன்னொரு வடிவத்தில் கையெழுத்துப் போட்டார். ஒரு முக்கிய வித்தியாசம், இந்த வரியைக் கட்டுவது தொழிலாளி அல்ல, காப்பீட்டுக் கம்பெனி என்று சட்டத்தில் எழுதியிருந்தது. கடைசியில் யார் தலையில் விழும் என்பது எழுதியவர்களுக்குத் தெரியும். 2014 நவம்பரில் குரூபரின் பழைய பேச்சுகளின் வீடியோக்கள் வெளியே வந்தன. சட்டத்தை வடிவமைக்க ஆலோசனை சொன்னவர் அவர். வெளிப்படையாக இல்லாததே அரசியல் ரீதியாகப் பெரிய அனுகூலம் என்றும், வாக்காளர்களுக்கு விவரம் போதாது என்ற தொனியிலும் அதில் பேசியிருந்தார். ஊரே கொந்தளித்தது. டிசம்பரில் நாடாளுமன்றக் குழு முன்னால் வந்து மன்னிப்புக் கேட்டார். மனிதர் பேசிய விதம் திமிர்தான். ஆனால் விஷயம் பொய் அல்ல. அந்த வரி 2018இல் வரவேண்டியது, 2020க்குத் தள்ளிப்போய், அப்புறம் 2022க்குப் போய், 2019 டிசம்பரில் ஒருநாள்கூட அமலாகாமலே ரத்தானது. அதே ஆண்டு ஜூலையில் பிரதிநிதிகள் சபையில் ரத்துக்கு ஆதரவு 419, எதிர்ப்பு 6. இரண்டு கட்சிகளும் இவ்வளவு ஒற்றுமையாக எதற்கும் கை தூக்கிப் பார்த்ததில்லை!

செலவு வெளிப்படையாகத் தெரிந்தால் என்ன ஆகும் என்பதற்கு வெர்மான்ட் உதாரணம். ஆறு லட்சத்துச் சொச்சம் பேர் வாழும் சின்ன மாநிலம். எல்லோருக்கும் அரசே காப்பீடு தரும் என்று 2011இல் சட்டமே போட்டார்கள். பணத்துக்கு வழி என்ன என்ற கணக்கு வர 2014 டிசம்பர் ஆனது. முதலாளிகள் மீது சம்பளப் பட்டியலில் 11.5 சதவீத வரி, மக்கள் மீது வருமானத்துக்கு ஏற்ப 9.5 சதவீதம் வரை. திட்டத்தை வைத்தே பதவிக்கு வந்த ஆளுநர் பீட்டர் ஷம்லின் அதே மாதம் அதைக் கைவிட்டார். அந்த வரி வந்திருந்தால் பெரும்பாலானோருக்குப் பிரீமியம் என்ற ஒன்றே இருந்திருக்காது. ஆனால் பிரீமியம் கண்ணுக்குத் தெரியாமல் போகும் பணம், வரி கண்ணுக்குத் தெரியும் பணம். 11.5 என்ற எண்ணைப் பார்த்தவர்கள், தாங்கள் ஏற்கெனவே எத்தனை சதவீதம் கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்று பார்க்கவில்லை. பார்க்கவும் வழி இல்லை, ஏனென்றால் அதை யாரும் அவர்களிடம் சொன்னதில்லை. (காப்பீடே தராத சின்னக் கடைக்காரர்களுக்கு அது உண்மையிலேயே புதுச் செலவு, அவர்கள் கோபம் வேறு.)

2020 தேர்தலில் பெர்னி சாண்டர்ஸ் இதையே நாடு முழுக்கச் செய்யலாம் என்றபோது, லாஸ் வேகாஸ் சூதாட்ட விடுதிகளின் சமையல், துப்புரவுத் தொழிலாளர் சங்கம், ‘உங்கள் காப்பீடு போய்விடும்’ என்று உறுப்பினர்களுக்குத் துண்டுப் பிரசுரம் கொடுத்தது. சண்டை போட்டு வாங்கிய நல்ல காப்பீடு, சொந்தமாக மருத்துவ மையமே வைத்திருக்கிறார்கள். ஆனாலும் அந்த விடுதிகளில் நடந்த உட்கட்சி வாக்கெடுப்பில் தொழிலாளர்கள் திரளாக சாண்டர்ஸ் பக்கம் போனார்கள். தலைவர்கள் சொன்னதைக் கேட்டுவிட்டு, காப்பீடு இல்லாத மைத்துனனையும் நினைத்துப் பார்த்திருப்பார்கள் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

கம்பெனிக் காப்பீடு இல்லாமல் தாங்களே காப்பீடு வாங்குபவர்களுக்கான ஒபாமாகேர் மானியத்தை 2021இல் பைடன் அரசு கூட்டியது, அந்தக் கூடுதல் 2025 கடைசி வரைக்கும்தான் சட்டத்தில் இருந்தது. அதை நீட்டிப்பதா என்ற தகராறில் 2025 அக்டோபர் 1 முதல் 43 நாள் அமெரிக்க அரசாங்கமே மூடிக்கிடந்தது. பாதிக்கப்படுபவர்கள் ஊபர் ஓட்டுபவர்கள், சின்னக் கடையில் வேலை செய்பவர்கள், சொந்தத் தொழில் வைத்திருப்பவர்கள். இங்கே செலவு யாருடையது என்பதில் குழப்பமே இல்லை, மாதா மாதம் அவர்கள் பெயருக்கே பில் வருகிறது. அதனால்தான் இந்தச் சண்டை தெருவரை கேட்டது. கம்பெனிக் காப்பீட்டில் அதைவிடப் பெரிய தொகை வருஷா வருஷம் கூடுகிறது, ஒரு முணுமுணுப்பு இல்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். வேலையில் சேர்ந்த அடுத்த ஜனவரியில் டபிள்யூ-2 என்று ஒரு வரிப் படிவம் வரும். அதில் 12ஆவது கட்டத்தில் ‘டிடி’ என்ற குறியீட்டுக்குப் பக்கத்தில் ஒரு தொகை இருக்கும். உங்கள் காப்பீட்டுக்குக் கம்பெனி கட்டியதும் நீங்கள் கட்டியதும் சேர்ந்த மொத்தம் அது. சிறிய கம்பெனியாக இருந்தால் போடாமல் விடலாம். இதைத் தெரியப்படுத்த வேண்டும் என்று விதித்ததும் ஒபாமாகேர்தான். அதற்கு வரி கிடையாது என்பதால் பெரும்பாலானோர் அந்தக் கட்டத்தைப் பார்ப்பதே இல்லை. வேலை போனால் மட்டும் அந்தத் தொகை உயிர்பெற்று வரும். கோப்ரா என்ற சட்டப்படி பழைய காப்பீட்டையே பொதுவாக 18 மாதம் வரை தொடரலாம், ஆனால் முழுப் பிரீமியமும் நீங்களே கட்ட வேண்டும், நிர்வாகச் செலவுக்கு 2 சதவீதம் சேர்த்து. மாதம் 2,000 டாலருக்கு மேல் என்ற காகிதம் கைக்கு வரும்போதுதான் பலருக்கு, கம்பெனி ‘இலவசமாக’க் கொடுத்தது எவ்வளவு என்றே தெரியவருகிறது. எச்-1பி விசாவில் இருப்பவருக்கு வேலை போனால் வேறு வேலை தேட 60 நாள்தான் அவகாசம், அந்த நேரத்தில் இந்தப் பில்லும் சேரும்.

அதனால் ஆஃபரை ஒப்பிடும்போது சம்பளத்தை மட்டும் பார்க்காதீர்கள். குடும்பப் பிரீமியத்தில் மாதம் எவ்வளவு பிடிப்பார்கள், டிடக்டிபிள் எவ்வளவு, வருஷத்துக்கு உங்கள் கையிலிருந்து அதிகபட்சம் எவ்வளவு போகலாம் என்ற மூன்றையும் எச்ஆரிடம் மின்னஞ்சலில் எழுத்தில் வாங்குங்கள். 5,000 டாலர் கூடுதல் சம்பளம் தரும் இடத்தில் குடும்பப் பிரீமியத்துக்கு 9,000 டாலர் பிடித்தால், 3,000 பிடிக்கும் மற்ற இடமே உங்களுக்கு லாபம்.